ஏழாவது குழி

ஏழாவது குழியில் நீலம் ஏறியிருந்தது.

ஏறவே கூடாத குழி அது. நாய்க்குட்டிகளின் குடலில் வளரும் உருளைப்புழு கக்கும் புரதத்தைத் தட்டின் குழிகளில் ஒட்டவைத்து, மேலே சொட்டு ரத்தநீர் விட்டால், புழு புகுந்த உடம்புக்கு நீலம் ஏறும், புகாத உடம்புக்கு வெறும் தண்ணீராகவே கிடக்கும். ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான ரத்தம் வேண்டுமே, அதற்கு இந்த ஆய்வுக்கூடத்தில் நாலு வருஷமாக அவள் தன் ரத்தத்தையே வைத்திருந்தாள். பழைய இருப்பு தீர்ந்து, இன்று காலைதான் புதிதாக எடுத்தது.

"அண்ணா, குழி மாத்தி விட்டுட்டீங்களா?"

உதவியாளர் தட்டைத் தூக்கிப் பார்த்தார். "இருபது வருஷமா விடுறேன்மா. ஏழு உங்களோடதுதான்." அவள் வயிற்றைப் பார்த்தவர் சட்டென்று வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுபடி போட்டாள். மறுபடியும். ஜன்னலில் பட்டப்பகல் வெயில், காற்றில் ஸ்பிரிட் நெடி, மூலையில் குளிர்பெட்டியின் ஓயாத உறுமல். ஒவ்வொரு தடவையும் நீலம் கூடிக்கொண்டே வந்தது.

பேனா! அய்யோ, அந்தப் பேனா. கையுறையோடு புழுமுட்டைக் குடுவைகளில் தேதி எழுதிவிட்டு, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, அதே பேனாவின் மூடியைக் கடித்தபடி யோசிக்கிற பாழாய்ப்போன பழக்கம்.

டாக்டருக்குப் போன் போட்டாள்.

"மனுஷங்கள்ல அது வயித்துப் பிள்ளைக்குப் போறதா நான் பாத்ததில்லம்மா. வீணா பயப்படாதீங்க."

ஆனால் நாயில் போகும். தாய்நாயின் சதைக்குள் வருஷக்கணக்கில் தூங்கும் குஞ்சுப்புழு, நாய் சினையானதும் விழித்துக் குட்டியைத் தேடிப் போகும். "தாய் சுமக்குறது அதுக்கு எப்படியோ தெரிஞ்சுடுது பாருங்க" என்று மாணவர்களிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னவள் அவள்தான். மூன்று பிள்ளைகளை மூன்றாம் மாதத்திலேயே பறிகொடுத்தவள். இது நாலாவது, ஏழு மாதம். இதையாவது விட்டுடு என்று யார் காலில் விழுவது? புழுவின் காலிலா?

காலையிலிருந்து பிள்ளை உதைக்கவில்லை. அது இப்போதுதான் உறைத்தது.

கை தானாக வெதுவெதுப்புப் பெட்டியைத் திறந்தது. உள்ளே புழுக்குஞ்சுகள் வளரும் குடுவை. எப்போதும் மாவுத்தூள் மாதிரி அடியெங்கும் சிதறிக் கிடப்பவை, இன்று மொத்தமாகக் கதவுப் பக்கச் சுவரில் அப்பியிருந்தன.

குடுவையைத் திருப்பி வைத்தாள். தூள் மெல்ல நகர்ந்து அவள் பக்கம் வந்தது.

"அண்ணா, நீங்க இங்க வந்து நில்லுங்க. நான் அந்தப் பக்கம் போறேன்."

வந்து நின்றார். அவள் இடது கோடிக்குப் போனாள். அவரை விட்டுவிட்டுத் தூள் குடுவைக்குள் இடதுபக்கம் போயிற்று.

"என்னம்மா இது?" அவர் ஓரடி பின்னுக்குப் போனார்.

அவள் குடுவையை எடுத்தாள். மேலங்கியை விலக்கினாள். வெறும் வயிற்றருகே பிடித்தாள்.

"உதைடா கண்ணு. ஒரே ஒரு தடவை. அம்மாவுக்காக."

உதை வரவில்லை.

தொப்புளுக்குக் கீழே, தோலுக்கடியில், நூல் போல ஒரு கோடு எழுந்தது. நெளிந்தது. குடுவையை நோக்கி ஊர்ந்தது. பின்னால் இன்னொன்று. இன்னும் பத்து.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் தூள் முட்டிக்கொண்டு நின்றது. இந்தப் பக்கம், அவள் தோலுக்கு உள்ளேயிருந்து, அதே இடத்தில், அவையும் முட்டின.