ஆறாம் அறையின் எண்

அலாரம் அலறியது. பழக்கிடங்கின் கட்டுப்பாட்டு அறையில் தனியாக இருந்தவள் திரையைப் பார்த்தாள். 'அறை எண்:' என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

பழம் கெடாமலிருக்க, தினமும் மாலையில் அவள் எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்பு, தானாக ஓடும். நிரம்பிய அறையின் கதவைப் பூட்டும். பிறகு வேரியபிள் என்ற நினைவிடத்தில் உள்ள அறை எண்ணைப் படித்து, அந்த அறையின் காற்றை உறிஞ்சிவிட்டு நைட்ரஜனை நிரப்பும். இன்று கதவு பூட்டியாயிற்று. எண் மட்டும் காலி. இன்னொரு லோடு அழுகினால் மூட்டை கட்டிக்கொள்ளலாம் என்று மேனேஜர் காலையில்தான் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

ஸ்கிரிப்டில் மேற்கோள் குறி சரி. இடைவெளி சரி. ஒவ்வொரு வரியிலும் மதிப்பைக் காட்டச் சொல்லி மறுபடி ஓட்டினாள். ஆறு என்று வந்தது. அடுத்த வரியிலும் ஆறு. அதற்கடுத்த வரியில் காலி.

ஈர இரும்பும் பழுத்த ஆப்பிளும் கலந்த வாசனை மெல்ல மெல்ல அறைக்குள் கனத்துக்கொண்டிருக்க, சுவருக்குள் ஓடும் குழாய்களில் எங்கோ தொம், தொம் என்று ஏதோ இடித்தது. கம்ப்ரஸராக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதே கிடங்கில் மெக்கானிக்காக இருக்கும் தம்பிக்குப் போன் போட்டாள். தொடர்பு கிடைக்கவில்லை. சின்ன வேலை ஒன்றை முடித்துவிட்டுப் படத்துக்குப் போவதாகச் சொன்னவன். தியேட்டரில் அணைத்து வைத்திருப்பான்.

கையால் ஆறைப் போட்டாள். அழிந்தது. மறுபடி போட்டாள். அழிந்தது. எதிரே யாரோ உட்கார்ந்துகொண்டு அவள் எழுதுவதையெல்லாம் துடைப்பதுபோல.

பயம் முற்றிக் கோபமானது. ஒரு வரி சேர்த்தாள்: காலியானால், உடனே ஆறை நிரப்பு.

நைட்ரஜன் சீறியது.

காலி. ஆறு. காலி. ஆறு. காலி. ஆறு.

தொம். தொம். தொம்.

வெறிபிடித்த வேகம். பிறகு மெதுவாக. காலி... ஆறு.

ஆறு.

ஆறு.

குழாய்கள் அடங்கின. ஜெயித்தாயிற்று. நாளைக்கும் வேலை உண்டு. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. வாட்ச்மேனைக் கூப்பிட்டு, வெளியிலிருந்து எந்தப் புண்ணியவான் எண்ணை அழித்து விளையாடினான் என்று கேட்டாள்.



"வெளியிலேருந்து அழிக்க முடியாதும்மா. உள்ள யாராச்சும் மாட்டிக்கிட்டா அமுக்கி நம்பரை அழிக்குறதுக்குன்னு, உங்க தம்பிதான் மத்தியானம் ஆறாம் ரூமுக்குள்ள ஒரு பட்டனை மாட்டப் போனாரு. இன்னும் வெளிய வரலையே."