ஐநூறு மைலுக்கு ஒருக்க

“அய்யோ...! யாராச்சும் ஓடி வாங்களேன்...!”

அலறியது, ஐந்தருவிக்குக் குளிக்கப் போன ஒரு பெண்.

சாலைச் சரிவுக்குக் கீழே, ஓடைக்குள், ஒரு கறுப்புக் கார். மூக்கு மேலே. பின்பக்கம் சேற்றில்.

உள்ளே ஆவுடைநாயகம். குற்றாலத்தில் பங்களா, ஆலங்குளத்தில் தோட்டம், வயது அறுபது.

உயிர் இல்லை!

சப்-இன்ஸ்பெக்டர் இசக்கிப்பாண்டி சாரலில் நனைந்துகொண்டே குனிந்து பார்த்தார். பின்மண்டை உடைந்திருந்தது. காது மடலில் ஓர் அட்டை. குடித்துக் குடித்து, நாவல்பழம் போல உருண்டிருந்தது.

கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்தினார்.

“மாமா...! எங்கள விட்டுட்டுப் போயிட்டீங்களே...!”

ஓடி வந்தவன் நம்பிராஜன். செத்தவரின் மருமகன். மகளைக் கட்டியவன். அவனுக்கு முன்னால் அவன் வாசனை வந்து சேர்ந்தது. ஜவ்வாது. அரை டப்பாவாவது இருக்கும்.

“என்ன நடந்துச்சு?”

“விடியக்காலம் ஐந்தருவிக்குக் குளிக்கக் கெளம்புனாரு. டிரைவர் குத்தாலிங்கம் நேத்தே ஆலங்குளம் தோட்டத்துக்குப் போயிட்டான். மாமாவே ஓட்டிட்டு வந்திருக்காரு. மேட்டுல என்ஜின் நின்னு, வண்டி பின்னால உருண்டிருக்கு...”

“என்ஜின் ஏன் நிக்கணும்?”

“அவன் எண்ணெய் மாத்தினாத்தான ஐயா! ரெண்டாயிரம் மைலாச்சு. சொல்லிச் சொல்லி என் வாயே வலிச்சுப் போச்சு. எங்க மாமாவக் கொன்னது அந்தச் சோம்பேறிதான்!”

சாயங்காலமே குத்தாலிங்கம் தென்காசி லாக்கப்பில் இருந்தான்.

இது 1938, ஆடி மாதத்துச் சனிக்கிழமை.

*

திங்கட்கிழமை காலை.

மாடு கட்டி இழுத்து வந்த கார், பங்களாக் கொட்டகையில் நின்றது. சக்கரங்களுக்கு நடுவே மல்லாந்து கிடந்தான் மெக்கானிக் மைதீன். பக்கத்தில் குத்தாலிங்கம், கையில் விலங்கோடு.

மைதீன் சொல்லப் போகும் ஒரு வார்த்தையில் இருந்தது குத்தாலிங்கத்தின் இரண்டு வருஷ ஜெயில்!

“எத்தன மைலுக்கு ஒருக்கலே எண்ணெய் மாத்தணும்?” என்றார் இசக்கிப்பாண்டி.

“ஐநூறு, எசமான். நான் ஒரு மைல் தாண்ட விட்டதில்ல. மாத்துன அன்னைக்கு மூடிக்கு உள்ள ஒரு சந்தனப் பொட்டு வைப்பேன். மொதலாளி கேலி பண்ணுவாரு... ‘என் தலைக்கு எண்ணெய் சனிக்கெழம சனிக்கெழம, உன் வண்டிக்கு ஐநூறு மைலுக்கு ஒருக்க. ரெண்டு பேருக்கும் சூடு தணியட்டும்லே’ன்னு.”

என்ஜின் மூடியைத் தூக்கினார்கள். இருபத்து மூன்று பொட்டுகள். கடைசிப் பொட்டு இன்னும் மஞ்சளாக இருந்தது.

“எப்ப வச்ச?”

“வியாழக்கெழம.”

“பொட்டு வச்சாப் போதுமா?” நம்பிராஜன் உறுமினான். “சாமிக்கு வைக்கிற மாதிரி வச்சுட்டுப் போயிருப்பான். அடியத் தொறந்து பாருங்க ஐயா!”

ஜவ்வாது மறுபடியும் இசக்கிப்பாண்டியின் மூக்கில் ஏறியது. மாமனார் எரிந்து இன்னும் மூன்று நாள் ஆகவில்லை. சாவு விழுந்த துட்டி வீட்டில் தலைக்கு எண்ணெய்கூட வைக்க மாட்டார்கள். இவன் மணத்தில் குளித்து வந்து நிற்கிறான்!

த்தூ!

மைதீன் என்ஜினுக்குக் கீழே எண்ணெய் வடிக்கும் அடித்திருகைக் கழற்றினான்.

தட்டில் விழுந்தது எண்ணெய். கறுப்பு. கெட்டி. சளியைப் போல நூல் நூலாக இழுத்தது.

குத்தாலிங்கத்தின் முகம் செத்தது.

“பாத்தீங்களா...!” நம்பிராஜன் துள்ளினான். “வியாழக்கெழம மாத்துன எண்ணெயா இது? ஏலே, எங்க மாமா உசுரு உனக்கு அவ்வளவு எளக்காரமாப் போச்சா?”

“பொறுங்க...” மைதீன் ஒரு விரலைத் தொட்டு முகர்ந்தான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். “சீ! ஐயா, இது என்ஜின் நாத்தம் இல்ல.”

“பின்ன?”

“மோந்து பாருங்க.”

முகர்ந்தார். அழுகிய முட்டை. அதன்மேல் வேப்பெண்ணெய்.

“எசமான்...!” குத்தாலிங்கம் கத்தினான். “இது நாய் மருந்துலா!”

“என்னது?”

“நம்ம டைகருக்கு ஒடம்பெல்லாம் சொறி. மாத்துன பழைய எண்ணெயில கந்தகமும் வேப்பெண்ணெயும் கலந்து, அந்தா அந்தத் தகரத்துல வச்சிருந்தேன். இது எப்பிடி கார் வயித்துக்குள்ள போச்சு...?”

கொட்டகை மூலையில் தகர டின். மைதீன் போய் மூடியைத் திறந்தான்.

உள்ளே...

தேன் நிறம்! விரலில் தொட்டால் விரல் தெரிந்தது. வியாழக்கிழமை ஊற்றிய எண்ணெய்!

“புது எண்ணெய் இங்கன. நாய் மருந்து அங்கன,” என்றான் மைதீன். “யாரோ எடம் மாத்திருக்காங்க, ஐயா.”

நம்பிராஜன் நெற்றி வியர்த்தது. “இவன்தான் மாத்திருப்பான்! ஆலங்குளம் போறதுக்கு முன்னால.”

இசக்கிப்பாண்டி குறுக்கிட்டார். “தன்ன ஜெயிலுக்கு அனுப்ப, தானே ஏற்பாடு பண்ணுனானா? அதுவும் இவனுக்கு இது நாய் மருந்துன்னு தெரியும். அசல் கழிவு எண்ணெய்னு நெனச்சு ஊத்துனவன் வேற ஆளு. கார்ல உக்கார மட்டும் தெரிஞ்ச ஆளு. அடியில என்ன நாறும்னு அறியாதவன்.”

“யாரச் சொல்லுதீங்க?”

இசக்கிப்பாண்டி குத்தாலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

“நாய்க்குக் கண்ணு தெரியுமாலே?”

“ரெண்டும் போச்சு, எசமான். மூக்குதான். மருந்து புண்ணுல பட்டா காந்தும். அந்த வாடை வந்தாலே ஊளையிட்டுட்டு ஓடும். மத்த நேரம் என்னயும், தெனம் சோறு வைக்கிற மருமகன் ஐயாவையும் சுத்தியே கெடக்கும்.”

“மைதீன், தட்டோட நீ தள்ளிக் கேட்டுக்குப் போ. நாம முத்தத்துக்குப் போவோம்; அங்க கூப்பிடு.”

“டைகர்...! ஏலே டைகர்...!”

வந்தது. முதுகில் மயிர் இல்லை. பொருக்கும் நீருமாகத் தோல். காதோரம் ஈ. இசக்கிப்பாண்டி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார்.

நாய் குத்தாலிங்கத்தின் பாதத்தை முகர்ந்தது. இரண்டு நாள் லாக்கப்பில் கிடந்த பாதம். நக்கியது. வாலை ஆட்டியது.

“இப்ப நீங்க கூப்பிடுங்க,” என்றார் நம்பிராஜனிடம்.

“நானா? எதுக்கு?”

“தெனம் சோறு வைக்கிறது நீங்கதானாமே. கூப்பிடுங்க!”

“டை... டைகர்...”

நாய் வாலாட்டிக்கொண்டே போனது. மூன்றடி. இரண்டடி.

நின்றது.

மூக்கை உயர்த்தியது.

அடுத்த கணம்... “வீல்...!” என்று ஊளையிட்டு, வாலைக் கவட்டுக்குள் நுழைத்துக்கொண்டு, குத்தாலிங்கத்தின் கால்களுக்கு நடுவே பாய்ந்து பதுங்கியது!

நம்பிராஜன் கேட்டைப் பார்த்து ஓடினான். மைதீன் காலை நீட்டினான். எண்ணெய்த் தட்டின் மேலேயே குப்புற விழுந்தான்.

இசக்கிப்பாண்டி அவன் தலைமுடியைப் பற்றி, காது மடலை மடக்கினார். பின்னால், இப்போது பட்டதல்லாத, காய்ந்து போன ஒரு கறுப்புக் கோடு. நாய் மருந்து டின்னைத் தூக்கி என்ஜினில் ஊற்றியபோது வழிந்தது இது.

“ரெண்டு நாளா அருவில நின்னீரோ? நாத்தம் போகல பாத்தீரா! அதான் துட்டி வீட்ல ஜவ்வாது.”

“ஐயா... என்னக் காப்பாத்துங்க...”

“எதுக்குக் கொன்ன?”

“செங்கோட்டையில... எனக்கு இன்னொரு குடும்பம் இருக்கது அவருக்குத் தெரிஞ்சு போச்சு. திங்கக்கெழமைக்குள்ள வீட்ட விட்டுப் போயிரு, மக என்னோட இருக்கட்டும், இனிமே நீ இந்தப் படி ஏறக்கூடாதுன்னாரு. ராத்திரியே எண்ணெய மாத்தி வச்சுட்டு, விடியக்காலம் ஐந்தருவிக்கு நானும் வாரேன்னு ஏறுனேன். மேட்டுல நிப்பாட்டச் சொல்லி, பின் சீட்டுல இருந்து ரெஞ்சால...”

“பொறவு வண்டியத் தள்ளி விட்ட.”

தலை ஆடியது. மூக்கு நுனியிலிருந்து நாய் மருந்து சொட்டியது.

இசக்கிப்பாண்டி காறித் துப்பினார். அட்டை நினைவுக்கு வந்தது. அது பசிக்குத்தான் குடித்தது.

விலங்கு கை மாறியது.

குத்தாலிங்கம் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கொட்டகைக்குப் போய்க் காரைச் சுற்றி வந்தான். கண் கலங்கியிருந்தது.

“எசமான், இந்த அசிங்கத்த கழுவி ஊத்திட்டு, புது எண்ணெய் விட்டுரட்டுமா? மொதலாளி வண்டி...”

“தொடாத. கோர்ட்டு பாக்கணும்.”

“அதுவரைக்கும் இந்த நாத்தத்தோடயா நிக்கும், பாவம்?”

வாசலில் குதிரைவண்டி காத்திருந்தது. ஒரே வண்டி. ஒரே பலகை. நம்பிராஜன் சொட்டச் சொட்ட அதில் ஏறிக்கொண்டிருந்தான்.

இசக்கிப்பாண்டி கைக்குட்டையை மூக்கில் இறுக்கிக் கட்டினார்.

“காருக்கு என்னலே பாவம்? தென்காசி வரைக்கும் இவன் பக்கத்துல உக்காந்து போகப் போறது நான்லா...!”