காயாத சதுரம்

நேற்று பெயிண்டர் சுவரில் அடித்துக் காட்டிவிட்டுப் போனது இரண்டு சதுரங்கள். இன்று காலை அவள் அறைக்கதவைத் திறந்தபோது மூன்று இருந்தன.

இரண்டு கம்பெனிப் பெயிண்டையும் பக்கத்துப் பக்கத்தில் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, எதன் வாசனை சீக்கிரம் அடங்குகிறது என்று பார்த்து எடுக்கலாம் என்பது அவளுடைய ஏற்பாடு. வாசனைதான் முக்கியம். இது நாத்தனாருக்கான அறை. நுரையீரல் பாதி ஓய்ந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடக்கும் அந்தப் பெண்ணை ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னபோது, அவள் ஒருத்திதான் முடியாது என்றாள். கூடப் பிறந்த அண்ணனான அவளுடைய கணவர்கூட அன்று தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது எந்தக் கம்பெனி தம்பி?" வேலைக்கு வந்த பெயிண்டரிடம் கேட்டாள்.

"நான் ரெண்டுதான் அடிச்சேன். நீங்க அடிச்சீங்களோன்னு நினைச்சேன்." பெயிண்டர் கிட்டே போய்ப் பார்த்தான். "யார் அடிச்சாலும் நல்ல கை அக்கா. ஒரே பூச்சுல எப்படி மூடியிருக்கு பாருங்க. கீறல் ஒண்ணுகூடத் தெரியல. இதையே அடிச்சிடலாம்."

"எந்த டப்பாவிலேர்ந்து?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"நேத்து பூரா முதல் கம்பெனிதான் ஒசத்தின்னு உயிரை வாங்கினே."

"அந்த டப்பா மூடியில எங்களுக்கு டோக்கன் வைப்பாங்க அக்கா, கடையில கொடுத்தா காசு. பெயிண்டருக்கும் வயிறு இருக்கில்ல?"

சிரித்துக்கொண்டே அவனுக்குத் தேநீர் கொண்டுவந்தாள். தன் தம்ளரோடு மூன்றாவது சதுரத்தின் அருகே போனாள். மற்ற இரண்டும் காய்ந்து வெளுத்திருக்க, இது மட்டும் ஈரமாக, வெளிறிய உதட்டின் உள்பக்கம்போல மினுங்கியது. முதலாவது இன்னும் மூக்கைக் கரித்தது. இரண்டாவதில் சுண்ணாம்புபோல லேசான ஒரு நெடி. இதில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லையென்றால், கையிலிருந்த தேநீருக்கும் வாசனை இல்லை, தெருவிலிருந்து வந்துகொண்டிருந்த மழைமண் மணமும் இல்லை, ஜன்னல் தகரத்தில் தடதடத்த மழையின் சத்தம்கூட அந்த இடத்தில் பஞ்சுக்குள் போனதுபோல அமுங்கியது. ஓரடி பின்னால் வந்தாள். தேநீர் மணத்தது.

"ரெண்டாவது கம்பெனிதான்," என்றாள். "இதையும் சேர்த்து மூடிடு."

அவன் உருளையைத் தோய்த்து அதன்மேல் இழுத்தான். வெள்ளை ஒரு கணம் நின்றது. பிறகு உள்ளே போயிற்று. மறுபடி இழுத்தான். மறுபடியும். டப்பாவில் பாதி காலியானபோது, தட்டளவு இருந்த சதுரம் கதவளவு ஆகியிருந்தது.

"குடிக்குது அக்கா." அவன் குரலில் சிரிப்பு இல்லை. "வேற ரூம் பார்த்துக்குவோமே."

"மத்ததெல்லாம் மாடியில. படி ஏறினா அவளுக்கு மூச்சே நின்னுடும்." அவள் சுவரைப் பார்த்தாள். முதுகில் வேர்வை வழிந்தது. ஆனாலும் வாடகை கொடுக்காதவனிடம் பேசுவதுபோலப் பேசினாள்: "இது அவ ரூம். கேட்டுச்சா? அவ வரத்தான் போறா."

சமையலறையில் போன் அடித்தது. கணவர்தான். "இன்னைக்கே அனுப்பிட்டாங்க. வந்துக்கிட்டிருக்கோம். ரூம் ரெடியா?"

"ரெடியாயிடும்," என்றாள்.

அப்போதுதான் ஏணி விழுந்த சத்தம்.

ஓடினாள். ஏணி குறுக்கே கிடந்தது. உருளை தரையில். பெயிண்டரைக் காணோம். மழை இருட்டில் சுவர் முழுக்க அந்த ஈர மினுமினுப்பு, ஜன்னல் ஓரம்வரை. அதற்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அவளுக்குத் தெரிந்த சத்தம். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே விழித்திருந்து கேட்ட சத்தம். கிடைக்காத மூச்சை இழுத்து இழுத்துத் தேடும் நெஞ்சு.

சுவர் மெல்ல எழுந்தது. தணிந்தது.

நடுவில், நனைந்த துணிக்கடியில்போல, ஐந்து விரல்கள் புடைத்தன.

"கடவுளே! தம்பி!"

யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். சில்லிட்ட கை. மணிக்கட்டுவரை வெளியே வந்தது. அவள் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"அக்கா, ஏணி சரிஞ்சிடுச்சா? பின்னாடிக் குழாயில பிரஷ் கழுவிக்கிட்டு—"

வாசலில் பெயிண்டர் நின்றான். ஈரக் கை. ஈர பிரஷ்.

"யாரு கை அக்கா அது?"

அவள் குனிந்து பார்த்தாள். மெலிந்த கை. ரேகைகள் இல்லாத கை. நகமிருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று பூச்சு. விட்டுவிடத்தான் நினைத்தாள். சுவருக்குள் மூச்சு மறுபடி இழுத்தது, பாதியில் சிக்கியது, விக்கியது. ஆஸ்பத்திரியில் அந்த விக்கல் வந்தபோதெல்லாம் நாத்தனாரின் கையை அவள் ஒருமுறைகூட விட்டதில்லை.

"விடுங்க அக்கா! விட்டுட்டு வாங்க!"

"மூச்சு முட்டுது தம்பி. உனக்குக் கேக்கல?"

வெளியே கார் வந்து நின்றது. கதவு திறக்கும் சத்தம். பலவீனமான ஒரு குரல் "அண்ணி" என்றது.

"ஓடு," என்றாள், திரும்பாமல். "அவளை வண்டியிலேயே உக்கார வை. ரூம் இன்னும் காலியாகல."

அவன் ஓடினான். அவள் கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு இழுத்தாள். முழங்கை வந்தது. அந்த முழங்கையை இன்னொரு கை பற்றியிருந்தது. அதன் மணிக்கட்டை இன்னொன்று. பிறகு, உத்தரத்திலிருந்து தரைவரை, சுவர் நெடுகிலும் விரல்கள் புடைத்து எழுந்தன. சுவர் மொத்தமும் ஒரே மூச்சாக உள்ளிழுத்தது. அவள் தோள்வரை உள்ளே போனாள்.

"வாங்க," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "எத்தனை பேரா இருந்தாலும் வெளியே வாங்க."

இழுத்தாள்.