ஒன்பது அங்குலச் சுவர்

சுவரின் கனம் ஒன்பது அங்குலம்தான். கை நுழையும் அகலத்துக்குத் துளை போட்டதும் பிளம்பர் அதில் குழாயைச் செருகித் தள்ளினார். தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது. மூன்றடிக்கு மேல் உள்ளே போன பிறகு அவர் கை தானாக நின்றது.

"மாப்ள, அந்தப் பக்கம் வந்துடுச்சா?"

சுவருக்கு அப்பால், வீட்டுக்குள், சமையலறைத் தொட்டிக்குக் கீழே குந்தியிருந்தான் அவர் மனைவியின் தம்பி. "இன்னும் வரலை மச்சான். ஓட்டை தெரியுது. குழாயைத்தான் காணோம்."

வீட்டுக்காரர்கள் பின்புறத் தோட்டத்தில் திறந்தவெளிச் சமையலறை ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். கல் மேடை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் வந்தாயிற்று. உள்ளேயிருந்து தண்ணீர் இழுத்துக் கொடுப்பதுதான் பாக்கி. சாவியைக் கொடுத்துவிட்டு அவர்கள் வெளியூர் போயிருந்தார்கள். வெயில் மதிலேறிப் போய்விட்டது. ஈர சிமெண்டின் வாடையும், துளைபோட்டதில் கிளம்பிய செங்கல் தூசியும், அவற்றுக்கு அடியில் வெகுநேரம் மூடியிருந்த வாய் திறந்ததுபோல ஒரு புளித்த நெடியும் அந்த ஓட்டையிலிருந்து மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தன.

அவர் குழாயை வெளியே இழுத்தார். யாரோ மனமில்லாமல் விட்டுக்கொடுப்பதுபோல வந்தது. மதியம் ரம்பத்தால் அறுத்தபோது பிசிறு பிசிறாக நின்ற விளிம்பு இப்போது சப்பிப் போட்ட மிட்டாய்போல வழவழவென்று மழுங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தார். ஈரம். இளஞ்சூடு.

குழாய்க்கு இன்னும் தண்ணீரே விடவில்லை.

"என்ன மச்சான், சத்தத்தையே காணோம்? சுவரு உங்களையும் முழுங்கிடுச்சா?" உள்ளே அவன் சிரித்தான். போன மாதம்தான் கல்யாணம் ஆனவன். எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும்.

பிளம்பருக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனையோ வீட்டுச் சுவர்களைக் குடைந்தவர். உள்ளே பொந்து இருக்கும், எலி இருக்கும், பழைய குழாய் இருக்கும். இது அவற்றில் எதுவும் இல்லை.

"போதும் மாப்ள. கிளம்பு. மீதியை நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"சரி மச்சான்."

அவர் குனிந்து சாமான்களைப் பைக்குள் போட்டார். ரம்பம். ஸ்பேனர். பசை டப்பா. தோட்டத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. அப்போது ஓட்டைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"மாப்ள, கையை உள்ள விடு. நான் பிடிச்சுக்கறேன்."

அது அவருடைய குரல்.

அவர் வாய் மூடியிருந்தது.

"இப்பத்தானே கிளம்புன்னீங்க," என்று உள்ளே அவன் சலித்துக்கொண்டான். "இருங்க, விடறேன்."

"விடாதே!" என்று கத்த நினைத்தார். தொண்டையில் காற்று மட்டும் வந்தது. பையைப் போட்டுவிட்டு ஓடினார். பக்கச் சந்து. முன்கதவு. கூடம் இருட்டாகக் கிடந்தது. நாற்காலி ஒன்று முழங்காலில் இடித்தது. நிற்கவில்லை.

சமையலறை.

தொட்டிக்குக் கீழே அவன் பக்கவாட்டில் படுத்திருந்தான், முதுகை இவருக்குக் காட்டிக்கொண்டு. வலது கை சுவருக்குள், தோள்வரை.

முழு நீளக் கை. ஒன்பது அங்குலச் சுவர்.

தொட்டிக்கு மேலிருந்த ஜன்னல் வழியே அவர் வெளியே பார்த்தார். சற்றுமுன் அவர் நின்ற இடம். தரையில் பை. பக்கத்தில் குழாய். ஓட்டையிலிருந்து எதுவும் வெளியே நீட்டியிருக்கவில்லை.

"மச்சான், போதும் விடுங்க," என்றான் அவன், திரும்பாமல், சுவரைப் பார்த்து. "ஏன் இவ்வளவு இறுக்கறீங்க? வலிக்குது."

பிளம்பர் பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் இழுத்தார். அவன் திடுக்கிட்டுத் தலையைத் திருப்பினான். இவர் முகத்தைப் பார்த்தான். தன் இடுப்பைச் சுற்றியிருந்த இரண்டு கைகளையும் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பின் மிச்சம் மெல்ல வடிந்தது.

"அப்ப அங்க..."

சுவருக்குள்ளிருந்து அவருடைய குரல் வந்தது, வேலை நேரத்தில் அவர் பேசும் அதே நிதானத்தோடு.

"இன்னும் கொஞ்சம்தான் மாப்ள. தலையைச் சாய்ச்சுக்கோ."

தோள் உள்ளே போனது.