மூன்றாவது தட்டு

பொம்மை இன்று தானாகவே நின்றுகொண்டிருந்தது.

மைதானச் சுவரில் சாய்த்துவிட்டுப் போயிருப்பான் சக கைதி ஸ்டாஷ் என்று நினைத்துக்கொண்டு, கேப்டன் ரோமன் அதன் கையைத் தன் கையோடு கோத்துக்கொண்டான். விடியற்காலை மூடுபனியில் பக்கத்து ஆளின் முகம்கூடத் தெரியவில்லை. கைதான போலந்து அதிகாரிகள் ஐந்தைந்து பேராக மைதானத்தில் நின்றார்கள். இருமலும், நேற்றைய முட்டைக்கோஸ் சூப்பின் புளித்த வாடையும், தூரத்தில் ஜெர்மன் காவலாளி தலை எண்ணிக்கொண்டு வரும் பூட்ஸ் சத்தமும்தான் இருந்தன.

வரிசையின் கடைசி இடம் லெப்டினன்ட் யூலெக்குடையது. தப்பிப்பதற்காகத் தோண்டிய சுரங்கத்தில் அவன் இறங்கி இன்றோடு மூன்று நாள். அவன் எல்லை தாண்டும்வரை கணக்கில் தலை குறையக் கூடாதே! சுண்ணாம்பில் ஒரு தலை செய்து, வெட்டிய முடியை ஒட்டி, வைக்கோல் திணித்த கோட்டு மாட்டி, தினமும் ஸ்டாஷ் மறைத்துத் தூக்கி வருவான். "சூப்பைத் திட்டாத ஒரே ஆபீசர் இவன்தான்" என்று முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள்.

ரோமனுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுமுனையில் வெளியேறுகிறவன் காற்றுக்குழாயில் மூன்று தட்டு தட்ட வேண்டும், மூன்றும் கேட்ட பிறகே இந்தப் பக்கம் மூடியை அடைக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் கட்டுப்பாடு. யூலெக் இறங்கிய அன்று ரோமனுக்குக் கேட்டது இரண்டுதான். பிறகு, மூட்டை அவிழ்ந்து தானியம் கொட்டுவதுபோல் ஏதோ மெல்லச் சரிந்தது. வாசலில் காவலாளி வந்துவிட்டான். பயத்தில் ரோமன் மூடியை அடைத்து, அடுப்பை அதன்மேல் இழுத்துவிட்டான்.

"மூணும் கேட்டுச்சா, கேப்டன்?" என்று ஸ்டாஷ் கேட்டான்.

"கேட்டுச்சு."

அப்போதே உண்மையைச் சொல்லித் தோண்டியிருந்தால் யூலெக் பிழைத்திருப்பானோ என்னவோ. மூன்று நாளாக ரோமன் தூங்கவில்லை.

இப்போது பொம்மையின் கோட்டிலிருந்து ஈர மண் வாடை வந்தது. நேற்று சரசரத்த வைக்கோல் இன்று சரசரக்கவில்லை. கையும் கனத்தது. பனியில் நனைந்திருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டான்.

யாரோ ஓடிவந்து வலப்பக்கம் நின்றார்கள். ஸ்டாஷ். வெறுங்கையோடு.

"மாட்டிக்கிட்டோம் கேப்டன்," என்று மூச்சிரைக்கக் கிசுகிசுத்தான். "பொம்மை தலை சுக்கு நூறா போச்சு. கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு வரேன். இன்னைக்கு ஒரு ஆள் குறையும்."

ரோமன் இடப்பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

பூட்ஸ் சத்தம் நெருங்கியது. நின்றது. காவலாளியின் விரல் ஒவ்வொரு தலையாகச் சுட்டிக் காட்டியது.

"ஐந்து. சரி."

நகர்ந்துவிட்டான்.

"எப்படி சரியா வந்துச்சு?" என்றான் ஸ்டாஷ்.

 ரோமனின் உள்ளங்கைக்குள் விரல்கள் நுழைந்தன. குளிர்ந்த விரல்கள். நகமெல்லாம் பெயர்ந்து, மண் அப்பிய விரல்கள்.

மெதுவாக ஒரு தட்டு.

இன்னொன்று.

பிறகு அந்தக் கை அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, காத்திருந்தது.