வெள்ளைக்கு அடியில்

படத்தில் இருந்த சிறுமியின் கை காலியாகத்தான் இருந்தது, ஆனால் விரல்கள் எதையோ பற்றியிருப்பதுபோல் மூடியிருந்தன. படத்தைச் சோதிக்க உட்கார்ந்தவள் மதியத்திலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய வாரப் பத்திரிகை ஒன்றின் அட்டைக்காக வரைந்த படம். மழை விட்ட தெருவில், பள்ளிக்கூட வாசலில், சீருடை போட்ட சிறுமி ஒருத்தி பக்கத்திலிருந்த வெறும் வெள்ளைச் சுவரை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அச்சில் பார்த்தவர்கள், பிள்ளை டாட்டா காட்டுகிறது என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள்.

அச்சகத்துக்குப் போய்வந்த மூல ஓவியங்களைப் பார்த்து, அசல்தான் என்று சான்று கொடுப்பது அவள் வேலை. அட்டையின் ஓரத்தில், தாளை எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டும் வெட்டுக்குறிகள் இருக்கும். அச்சகத்தாருக்கு எழுதிய குறிப்புகள் அச்சகக் கேமராவில் பதியாத இளநீலப் பென்சிலில் இருக்கும். பிழையை மறைக்க வெள்ளை பூசியிருப்பார்கள், மூலையில் ஓவியர் கையெழுத்துப் போட்டிருப்பார். இவற்றில் எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று பார்த்தால் போலி தானாக வெளியே வந்துவிடும். ஏல நிறுவனத்தில் அவளுக்குச் 'சந்தேகம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். "சந்தேகம் சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

இரண்டாம் மாடியில் அவள் வேலை பார்த்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. மேசைமேல் படம் இருக்கும்வரை கதவு வெளியே பூட்டியிருக்க வேண்டும். கைபேசியும் பையும் காவலாளியிடம். வேலை முடிந்ததும் சுவரில் இருக்கும் போனில் கூப்பிட்டால், அவர் கதவின் கண்ணாடித் துளை வழியாக ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திறப்பார். ஜன்னலைத் திறக்க முடியாது, கனத்த இரட்டைக் கண்ணாடி. ஆனால் அந்த ஜன்னலுக்கு நேர் எதிரேதான் மகளின் பள்ளிக்கூடம். இந்த வேலைக்கு அவள் சேர்ந்ததே அதற்காகத்தான். பள்ளி விடும் நேரத்தில் இறங்கிப் போய், ஒன்றாம் வகுப்பு படிக்கும் அந்த வாலுவைக் கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும். அம்மாவைத் தவிர யாரோடும் வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தாள். வாலு சொன்ன பேச்சைக் கேட்பது இந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான்.

படத்தைக் கொண்டுவந்தவள் ஓவியரின் மகள், தலை நரைத்தவள். கொடுத்துவிட்டு உட்காரக்கூட இல்லை.

"வெள்ளையை மட்டும் தொடாதீங்க. அப்பா வருஷா வருஷம் அதுமேல ஒரு பூச்சு பூசுவாரு. கை நடுங்குற வயசுலயும் விடல."

"அச்சாகி வந்த படத்துக்கு எதுக்குங்க திரும்பத் திரும்ப வெள்ளை?"

"கேட்டா சொல்ல மாட்டாரு. எனக்கு இதை வீட்டுல வெச்சுக்க முடியல. யாராவது எடுத்துக்கிட்டா சரி."

விற்க வருகிறவர்கள் கூடவே ஒரு கதையையும் கொண்டுவருவது வழக்கம்தான். அவளைக் குடைந்தது வேறொன்று. கையெழுத்தின் கடைசி இழுப்பு, வால்போல் நீண்டு, வெள்ளைக்கு அடியில் போய் மறைந்தது. வேலை முடிந்த பிறகுதான் எவரும் கையெழுத்துப் போடுவார்கள். போட்ட பிறகு வெள்ளை எதற்கு? முதல் பூச்சு அச்சகத்துக்குப் போவதற்குமுன் பூசியது என்றால் அது ஓவியத்தின் பாகம், தொடக் கூடாது. அதற்குமேல் வருஷம் தவறாமல் ஏறியதெல்லாம் வெறும் அழுக்கு மாதிரி, எடுக்கலாம். அவள் படித்த படிப்பும் பார்த்த வேலையும் அப்படித்தான் சொல்லின. பஞ்சுக் குச்சியை நீரில் நனைத்து, கையெழுத்தின் வால் மறையும் இடத்தில் வைத்து மெல்ல உருட்டினாள்.

நகத்தின் தடிமனுக்கு ஏறியிருந்த வெள்ளை, பிடிவாதம் பிடிக்கும் என்று நினைத்ததற்கு மாறாக, காத்திருந்தாற்போல் இளகி வந்தது. நனைந்த சுண்ணாம்பும் பழைய பசையும் கலந்த வாடை எழுந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று, மழையில் நனைந்த தலைமுடியின் வாடை, மூடிய அறைக்குள் எங்கிருந்து வரும் என்று புரியாத வாடை. குழல்விளக்கு இரைந்துகொண்டிருந்தது. வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கையெழுத்தின் வால் ஒரு செருப்பின் நுனியில் போய் முடிந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவளால் முடியவில்லை. முதல் பூச்சு இப்போது வரும், இப்போது வரும் என்று உருட்டிக்கொண்டே போனாள், குச்சிமேல் குச்சியாக மாற்றினாள், அவள் தேடிய முதல் பூச்சு வரவே இல்லை. கணுக்கால் வந்தது. சாம்பல் நிறக் கோட்டின் ஓரம் வந்தது. வேலை நேரத்தில் அவள் போட்டுக்கொள்ளும் கோட்டும் சாம்பல் நிறம்தான், அதற்கென்ன, ஊரில் பாதிப் பேர் அந்த நிறம்தான் போடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டாள். பிறகு ஒரு கை வந்தது. சிறுமியின் மூடிய விரல்கள் அந்தக் கையைத்தான் பிடித்திருந்தன.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓவியர் எதுவும் வரைந்திருக்கவில்லை. கண் மூக்கு எதுவுமில்லாமல் வெறும் அட்டை தெரிந்தது, அதைச் சுற்றி மட்டும் நனைந்த முடி ஒவ்வொரு இழையாகத் தீட்டப்பட்டிருந்தது.

குச்சியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே பள்ளி விட்டிருந்தது. சத்தமே இல்லாமல் பிள்ளைகள் வாசலை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார்கள். போதும், மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனை எடுக்கப் போகும்போது, கடைசியாக ஒருமுறை மேசையைப் பார்த்தாள்.

படத்தில் அந்தப் பெண் இல்லை.

செருப்பும் கோட்டும் இருந்த இடத்தில் சுத்தமான அட்டை. ஒரு பென்சில் கோடுகூட இல்லை. சிறுமியின் கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

போனை எடுத்தாள்.

"அண்ணே, கதவத் திறங்க. ஸ்கூல் விட்டாச்சு."

மறுமுனையில் காவலாளி எடுத்திருந்தார்.

"யாரு பேசுறது?"

"நான்தாண்ணே. உள்ள இருக்கேன்."

"அம்மா இப்பதானே போனாங்க. நான்தான் கதவத் திறந்து விட்டேன்."

"இல்லண்ணே. நான் போகல. வந்து பாருங்க, தயவுசெஞ்சு."

செருப்புச் சத்தம் கதவுவரை வந்தது. அவள் ஓடிப்போய்த் துளைக்கு நேராக முகத்தை வைத்தாள். மறுபக்கம் அவருடைய கண் வந்து துளையை மறைத்தது. ஒரு விரல்கடை தூரம். அவள் கதவைத் தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள். கண் அவளைத் தாண்டி அறையைப் பார்த்தது.

செருப்புச் சத்தம் திரும்பிப் போனது, முன்பைவிட வேகமாக. தொங்கிய போனிலிருந்து அவர் குரல் வந்தது.

"மேசை இருக்கு. படம் இருக்கு. வேற யாரும் இல்ல. நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு. என்னை விட்டுருங்க."

"அண்ணே, எம் பொண்ணு வாசல்ல நிக்கிறா. அவளையாவது போய்ப் பிடிங்க."

போன் வைக்கப்பட்டது. வெளியே இருந்த பொத்தானை அழுத்தி விளக்கையும் அணைத்துவிட்டார். நாற்காலியைத் தூக்கி ஜன்னலில் அடித்தாள். கண்ணாடி அதிர்ந்தது, விரிசல்கூட விழவில்லை. மறுபடி அடித்தாள். நாற்காலியின் கால் ஒடிந்தது.

கீழே, வாசலுக்கு உள்பக்கம், வாலு நின்றாள். பை முதுகில். ஒரு காலுறை சரிந்திருந்தது. சொன்ன பேச்சைக் கேட்டு, அம்மாவுக்காக நின்றாள்.

சாம்பல் கோட்டு தெருவைக் கடந்தது. நனைந்த முடி. நடை அவளுடைய நடையேதான்.

"வேண்டாம்டி," என்றாள் அவள். "அது நான் இல்லடி."

சொற்கள் கண்ணாடியில் ஆவியாகப் படிந்தன. துடைத்தாள்.

வாலு அதை நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். வகுப்பில் நடந்ததை அப்போதே சொல்ல ஆரம்பித்தாள், கையை ஆட்டி ஆட்டி. கோட்டு போட்டது குனிந்து கேட்டது. பிள்ளையின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தியது. கன்னத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது போல. எந்த அம்மாவும் செய்வதுபோல, கட்டைவிரலால், அன்பாகத் துடைத்துவிட்டது.

விரல் போன இடத்தில் கன்னம் இல்லை. வெள்ளை.

வாலு பேசிக்கொண்டேதான் இருந்தாள். விரல் மெல்ல வாய்ப்பக்கம் நகர்ந்தது.