எழுநூற்று ஐம்பத்தொரு நாளுக்குச் சாட்சி

ஞாயிறு, பிற்பகல் 3:40.

எர்மினா பழுப்பு உறையை மூன்றாவது முறையாகக் கவிழ்த்தாள். நிரந்தரவாசி அட்டையைப் புதுப்பிக்கும் படிவம் விழுந்தது. கட்டண ரசீது, வரித் தாள்கள், பின்புறம் ஸ்டுடியோ முத்திரையிட்ட இரண்டு புகைப்படங்கள் விழுந்தன. பழைய பாஸ்போர்ட் விழவில்லை.

ஐந்து வருடத்தில் எழுநூற்று முப்பது நாளாவது கனடாவில் இருந்திருக்க வேண்டும். அப்பா பிலிப்பைன்ஸில், சொந்த ஊரான இலோயிலோவில் படுக்கையில் கிடந்தபோது ஏறக்குறைய மூன்று வருடம் அவள் அங்கேதான் இருந்தாள். மிஞ்சியது எழுநூற்று ஐம்பத்தொரு நாள். போனதற்கும் வந்ததற்கும் சாட்சியான முத்திரைகள் அந்தப் பழைய பாஸ்போர்ட்டில் மட்டுமே இருந்தன. அது இல்லையென்றால் அட்டை இல்லை. இந்த வின்னிபெக் நகரம் இல்லை. முதியோர் இல்ல வேலையும் இல்லை.

"நீதான் எங்கயாவது வெச்சிருப்ப," என்றாள் அக்கா பெர்பெத்துவா, அரிசி களைந்தபடி. "போனா போகட்டும். ஊருக்கே போயிடு. அம்மாவாவது தனியா கெடக்க மாட்டா."

எர்மினாவுக்கு ஒரு கணம் தன்மேலேயே சந்தேகம் வந்தது. கோட்டுப் பைகளைத் துழாவினாள். மெத்தையைத் தூக்கினாள். குப்பைத் தொட்டியையும் கிளறினாள். பிறகு ரசீதின் பின்புறத்தில் எழுதினாள்: சனி, மாலை 6:10, பாஸ்போர்ட்டை உறையில் வைத்தேன். 6:30, வேலைக்குப் போனேன்.

"நான் தொலைக்கலக்கா. யாரோ எடுத்திருக்காங்க. யாருன்னு தெரியாம இன்னிக்கு நான் சோறு திங்கப் போறதில்ல."

"பெரிய போலீஸு!"

3:55. அக்காவின் கணவர் டெல்ஃபின் வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். பனி இன்னும் உருகவில்லை.

"அத்தான், நேத்து எப்ப கெளம்புனீங்க?"

"நாலு மணிக்கு. பேக்கரில ஆள் இல்லன்னு ரெண்டு ஷிப்ட் போட்டு வறுத்தெடுத்துட்டான். இப்பத்தான் வீட்டுல கால் வெக்கிறேன்."

"ஊர்ப்பெட்டிய யாரு ஒட்டுனது?"

கூடத்தில் இடுப்பு உயரத்துக்கு நின்றது அந்த அட்டைப்பெட்டி. ஊரில் இருப்பவர்களுக்கு அனுப்ப நாலு மாதமாகச் சோப்பு, துண்டு, டின் இறைச்சி என்று நிரப்பியது. ஐந்து மணிக்கு லாரி வரும். பிறகு கப்பலில் இரண்டு மாதம்.

"நான்தான். நேத்து மத்தியானம் பன்னெண்டுக்கு. ஏன், டேப் பிரிஞ்சிடுச்சா?"

4:10. மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் ஜெஸ்லின் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"நேத்து ராத்திரி வீட்டுல யாரு இருந்தா?"

"நானும் பெரியக்காவும்தான். நான் எட்டு மணிக்கு ஒருதடவ கீழ வந்தேன். ஊர்ல இருக்குற என் தம்பிக்கு அனுப்பச் சொல்லிப் பெரியக்காகிட்ட காப்பித்தூள் பாட்டில் குடுத்துட்டு மேல வந்துட்டேன். என்னையாக்கா சந்தேகப்படுறீங்க?"

"எல்லாரையும்தான். என்னையும் சேத்து."

4:25. எர்மினா சமையலறை அலமாரிகளைத் திறந்தாள். அக்காவின் அறையையும் பார்த்தாள். காப்பித்தூள் பாட்டில் எங்கும் இல்லை.

"அக்கா, ஊர்ப்பெட்டிய நேத்து யாராவது தெறந்தீங்களா?"

"ஒட்டுன பெட்டிய யாருடி தெறப்பா? பன்னெண்டு மணிக்கு அப்புறம் ஒரு ஈ கூடத் தொடல."

எர்மினா கத்தியை எடுத்தாள்.

"ஏய்! லாரி வர்ற நேரம்! நாலு மாசம் அடுக்குனது!"

"அத்தான், ஜெஸ்லின், இங்க வாங்க. சாட்சி வேணும்."

மேல் டேப் கிழிந்தது. அதன் கீழே, ஏற்கெனவே கத்தியால் வெட்டப்பட்ட இன்னொரு டேப் இருந்தது. உள்ளே முதலில் வந்தது காப்பித்தூள் பாட்டில்.

"பெட்டிய ஒட்டுனது பகல் பன்னெண்டுக்கு. ஜெஸ்லின் பாட்டில் குடுத்தது எட்டு மணிக்கு. கடைசி நேரத்துல யாரு எதக் குடுத்தாலும் இந்த வீட்டுல முடியாதுன்னு சொல்ல மாட்டோம். பெட்டிய வெட்டியாவது திணிப்போம். அது தப்பே இல்ல. பின்ன ஏங்க்கா தொடலன்னு சொன்ன? வெறும் காப்பித்தூளுக்கு யாராவது பொய் சொல்லுவாங்களா?"



பாட்டிலுக்கு அடியில் மடித்த நீலத் துண்டு ஒன்று. யாருக்கு எது என்று ஊரில் சண்டை வராமலிருக்க ஒவ்வொரு பொருளிலும் பெயர் ஒட்டுவது வழக்கம். துண்டின் மேல் காகித டேப்பில், பெர்பெத்துவாவின் சாய்ந்த கையெழுத்தில் 'அம்மா' என்றிருந்தது. பிரித்தாள். பாஸ்போர்ட்.

"திருடுன சாமானுக்கும் பேரு ஒட்டியிருக்கியே!" என்றார் டெல்ஃபின், நம்ப முடியாமல்.

"கிழிச்சுப் போட மனசு வரல," என்றாள் பெர்பெத்துவா. "அம்மாகிட்ட பத்திரமா இருக்கும்னு... அம்மாவ யாருடி பாத்துப்பா? எனக்கு வீட்டுக் கடன் இருக்கு. உனக்குப் புருஷனா, புள்ளையா?"

"ரெண்டும் இல்ல. அதுக்காக என் அட்டைய உங்கிட்ட எழுதிக் குடுக்கணுமா? அப்பாவ மூணு வருஷம் நான் பாத்தேன். மலம் அள்ளினேன். அந்த மூணு வருஷமும் நீ அனுப்புனது சோப்பும் துண்டும்."

பெர்பெத்துவா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜெஸ்லின் பூசாத நகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

4:50. எர்மினா பாஸ்போர்ட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எல்லா முத்திரைகளும் இருந்தன. கோட்டை மாட்டினாள். மூலைக் கடையின் நகல் இயந்திரம் ஆறு மணிவரை ஓடும்.

"நாளைக்குக் காலையில படிவத்தத் தபால்ல போடுறேன். தடுக்கணும்னா என் முன்னாடி நின்னு தடு."

பேனாவையும் ஒரு தாளையும் அக்காவின் மடியில் வைத்தாள்.

"லாரி வர பத்து நிமிஷம் இருக்கு. அம்மாவுக்கு நாலு வரி எழுதிப் பெட்டில போடு. இந்தத் தடவ நீ வர்றேன்னு எழுது. பேரு ஒட்ட மறக்காத."